1955 ஜூலை 17: டிஸ்னிலேண்டின் முதல் நாள் சவாரிகளில் இன்று மிஞ்சியிருப்பவை

கேள்வி இதுதான்: "அடுத்த மாதம் கலிஃபோர்னியாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். ஒன்பது வயது மகளை டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. 1955-இல் திறந்த அன்று இருந்த சவாரிகளில் இன்றும் அப்படியே ஓடுபவை எவை? ஓரிடத்தில் பதினொன்று என்கிறார்கள், இன்னோரிடத்தில் பதினான்கு என்கிறார்கள். எது சரி?" கேட்டவருக்குத் தேவை எண்ணிக்கை அல்ல என்றே நினைக்கிறேன். மகளிடம் ஒன்றைக் காட்டி, "முதல் நாளில் வந்த பிள்ளைகளும் இதில்தான் ஏறினார்கள்" என்று பொய்யில்லாமல் சொல்ல முடியுமா என்பதுதான் அவர் கேட்பது. முடியும். ஆனால் "திறந்த அன்று", "அப்படியே" என்ற இரண்டு சொற்களிலும் சிக்கல் இருக்கிறது. எண்கள் மாறுவதற்கும் அவையே காரணம்.

என்னைப் பற்றி ஒரு வரி. மெக்கானிக்கல் படித்துவிட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் பொழுதுபோக்குப் பூங்காக்களில் ராட்டினப் பராமரிப்பில் இருந்தவன். கலிஃபோர்னியாவின் அனஹைம் ஊரில் இருக்கும் டிஸ்னிலேண்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், டிக்கெட் வாங்கிய பயணியாக. அங்கே கதவுக்குப் பின்னால் என்னை யாரும் விட்டதில்லை. ஆகவே பழைய நிலை பற்றி நான் சொல்வதெல்லாம் அச்சில் வந்த வரலாறு, படங்கள், அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றிலிருந்து எடுத்தது. இயந்திரம் பற்றிய கருத்துகள் மட்டும் என் சொந்தச் சரக்கு.

முதலில் தேதி. 1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று நடந்தது அழைப்பாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்குமான முன்னோட்டம். ஏபிசி தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பியது. தொகுத்து வழங்கிய மூவரில் ஒருவர் அப்போது நடிகராக இருந்த ரொனால்ட் ரீகன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பொதுமக்கள் உள்ளே வந்தது மறுநாள், 18-ஆம் தேதி. இரண்டு நாளையும் "திறப்பு நாள்" என்றுதான் எழுதுகிறார்கள். அதோடு முடியவில்லை. சந்திரனுக்குப் போகும் ராக்கெட் சவாரி 22-ஆம் தேதிதான் தொடங்கியது. கேஸி ஜூனியர் என்ற குட்டி ரயில் ஜூலை 31. எல்லோரும் முதல் நாளிலேயே இருந்ததாக நம்பும் பறக்கும் யானை டம்போ வந்தது ஆகஸ்ட் 16. திறந்த கோடையில் வந்தவை என்று சேர்த்து எண்ணினால் பட்டியல் நீளும். மேட்டர்ஹார்ன் மலை, மோனோரயில் (இரண்டும் 1959), கடற்கொள்ளையர் சவாரி (1967), பேய் மாளிகை (1969) ஆகியவற்றுக்கும் முதல் நாளுக்கும் தொடர்பே இல்லை. பழையதாகத் தெரிவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்த முதல் ஞாயிறு பற்றி நிறைய கதைகள் உலவுகின்றன. 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, ஒரே ஆண்டில், சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் கட்டிய இடம் அது. வேலை முடியவில்லை என்பது உறுதி. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் ஒருசேர முடிக்க முடியாமல், கழிப்பறைகளை முதலில் முடிக்கச் சொன்னார் பூங்காவை உருவாக்கிய வால்ட் டிஸ்னி. அதுவும் பதிவானது. அழைத்ததைவிட மிக அதிகக் கூட்டம். 28,000 பேர் வந்தார்கள் என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. கள்ள டிக்கெட்டுகள் புழங்கின. எரிவாயுக் கசிவால் சில பகுதிகளைச் சிறிது நேரம் மூடவேண்டியிருந்தது. வேலியில் ஏணி சாய்த்து ஆளுக்கு ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு ஒருவர் கூட்டத்தை உள்ளே இறக்கினார் என்பது சுவையான கதை; அதற்குமேல் அதை நம்பவேண்டியதில்லை. புதிதாகப் போட்ட தாரில் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது என்பதைத் தாராளமாக நம்பலாம். ஜூலை வெயிலில் இளந்தார் என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இனி "அப்படியே" என்ற சொல். நான் வேலை பார்த்த ஒரு பூங்காவில் கப்பல் ஊஞ்சல் ஒன்று இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அதன் மோட்டாரை மாற்றினோம், பேரிங்குகளை மூன்று முறை மாற்றினோம், இருக்கைகளை மாற்றினோம், கடைசியில் ஒரு பக்கக் காலையே புதிதாகச் செய்து வைத்தோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி "எந்த ஆண்டில் செய்தது?" என்று கேட்டபோது, எங்கள் ஃபோர்மன் "எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள் ஐயா?" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அது நியாயமான கேள்வி. மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்த பிறகும் அதே தேர் என்றுதானே வடம் பிடிக்கிறோம். டிஸ்னிலேண்டிலும் பெயர் நிலைத்தது, இடம் நிலைத்தது, இயந்திரம் நிலைத்தது, உள்ளே காணும் காட்சி நிலைத்தது என்று தனித்தனியாகப் பார்க்கவேண்டும். நான்கும் ஒருசேர நிலைத்த சவாரி ஒன்றுகூட இல்லை.

இயந்திரம் என்ற கணக்கில் ரயிலுக்கே முதலிடம் கொடுப்பேன். பூங்காவைச் சுற்றிவரும் அந்த ரயிலின் முதல் இரண்டு நீராவி எஞ்சின்கள், சி.கே. ஹாலிடே, ஈ.பி. ரிப்ளி, இன்றும் ஓடுகின்றன. வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிய சிறு ரயிலின் வரைபடத்தைப் பெரிதாக்கி, ஸ்டுடியோவின் பட்டறையில் ரோஜர் பிராகி தலைமையில் செய்தவை அவை. தண்டவாள இடைவெளி மூன்று அடி. மின்சார மோட்டாரை ஒளித்துவைத்து மேலே புகை விடும் பாவனை அல்ல; கொதிகலன், பிஸ்டன், தண்ணீர் தொட்டி எல்லாம் உண்டு. எரிபொருள் மட்டும் மாறிவிட்டது: பூங்காவின் சமையலறைகளில் மிஞ்சும் எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசல். முதல் நாளில் இருந்த மஞ்சள் பயணிப் பெட்டிகள் இப்போது ஓடுவதில்லை. ஏற இறங்க நேரம் பிடித்ததால் 1974-இல் எடுத்துவிட்டார்கள். பாதையும் மாறியிருக்கிறது. ஸ்டார் வார்ஸ் பகுதி கட்டுவதற்காக 2016-இல் ரயிலை நிறுத்தி, வடக்குப் பகுதியைச் சுருக்கி, 2017 ஜூலையில் மறுபடியும் ஓட்டினார்கள். அதுவரை வலப்பக்கமாகவே வளைந்து வளைந்து ஓடிய ரயில், அறுபது ஆண்டுகளில் முதல் தடவையாக ஒரு இடத்தில் இடப்பக்கம் திரும்புகிறது. சக்கர விளிம்பு எந்தப் பக்கம் தேயும் என்று கவலைப்பட்டே காலம் கழித்த எனக்கு அந்த வளைவு பெரிய காட்சி. உங்கள் மகளுக்குச் சாதாரண வளைவாகத்தான் தெரியும். ஒன்று கவனியுங்கள்: மொத்தம் ஐந்து எஞ்சின்கள் முறைவைத்து ஓடுகின்றன. மூன்றாவதும் நான்காவதும் 1958, 1959-இல் வந்தவை, ஐந்தாவது 2005. ஆகவே நடைமேடையில் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். 1 அல்லது 2 என்றால் ஏறுங்கள். இல்லையென்றால் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கலாம்.

அடுத்தது மார்க் ட்வைன் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல். 105 அடி நீளம். உண்மையான நீராவியில் ஓடுகிறது, பின்பக்கச் சக்கரம் உண்மையிலேயே தண்ணீரைத் தள்ளுகிறது. ஆனால் மேலே இருக்கும் கேப்டன் கப்பலைத் திருப்புவதில்லை. தண்ணீருக்கடியில் போட்ட தண்டவாளம் வழிநடத்துகிறது. ஆற்றில் முதன்முதலாகத் தண்ணீர் விட்டபோது மணல் முழுவதையும் உறிஞ்சிவிட்டது. களிமண் கொண்டுவந்து படுகையைப் பூசிய பிறகுதான் நின்றது. கட்டுமானத்தை மேற்பார்த்த ஜோ ஃபௌலர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. கப்பல் என்று ஒன்று இருந்தால் அதைப் பழுதுபார்க்க உலர்துறை வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டவைத்தார். குழி தோண்டக் காசு போகிறதே என்று வால்ட் முணுமுணுத்தாராம். எழுபது ஆண்டுகள் அந்தக் கப்பல் மிதப்பதற்கு அந்தக் குழியும் ஒரு காரணம் என்பேன். பராமரிப்புக்கு இடம் விடாமல் கட்டிய ராட்டினங்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த ஆதங்கம் புரியும். முதல் நாளில் எத்தனை பேரை ஏற்றுவது என்று வரையறை இல்லாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள், கப்பல் தளத்தில் தண்ணீர் ஏறியது என்பதும் பல பேர் சொன்னது. தண்டவாளத்தை விட்டு விலகிச் சேற்றில் சிக்கியதாகவும் சொல்வார்கள். அது ஊழியர்களின் பிற்கால நினைவு, ஆளுக்கு ஆள் மாறுகிறது.

குடைராட்டினத்தின் கதை வேறு மாதிரி. ஆர்தர் மன்னரின் பெயரில் கோட்டைக்குப் பின்னால் சுற்றும் அது, டிஸ்னிலேண்டைவிட வயதில் மூத்தது. டென்ட்ஸல் என்ற பேர்பெற்ற அமெரிக்கப் பட்டறையின் வேலை. கனடாவின் டொராண்டோவில் சன்னிசைடு என்ற ஏரிக்கரைப் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி வந்தார்கள். அங்கே அதில் வேறு விலங்குகளும் இருந்தன. எல்லாம் குதிரையாகவே, அதுவும் பாயும் குதிரையாகவே இருக்கவேண்டும் என்றார் வால்ட். மற்ற விலங்குகள் போயின, வேறு ராட்டினங்களிலிருந்து குதிரைகள் வந்தன. மாற்றி அமைத்தது மவுண்டன் வியூ ஊரிலிருந்த ஆரோ நிறுவனம். கோட்டையை ஒட்டிய கதை உலகப் பகுதியான ஃபேண்டஸிலேண்டின் அன்றைய சவாரிகளில் பெரும்பாலானவற்றின் வண்டிகள் அவர்கள் கைவண்ணமே. மரக்குதிரைகள் இன்றும் அதே மரக்குதிரைகள்தான். நிறம் அன்று கலவையாக இருந்தது. 1975-இல் எல்லாவற்றையும் வெள்ளையாக்கினார்கள். இடமும் 1983-இல் சற்றுப் பின்னால் தள்ளிப் போனது.

1983 முக்கியமான ஆண்டு. அதுவரை ஃபேண்டஸிலேண்டின் முகப்புகள் திருவிழாக் கூடாரம் போல வண்ணத் துணியும் தகடுமாக இருந்தன. காசு தீர்ந்துபோனதால் 1955-இல் செய்துகொண்ட சமாளிப்பு அது. அதைப் பிரித்து, இன்று நாம் பார்க்கும் கல் வீட்டுத் தெருக்களாக்கினார்கள். பீட்டர் பான், மிஸ்டர் டோட், ஸ்னோ ஒயிட் என்ற கதைமாந்தர்களின் பெயரில் இருந்த மூன்று இருட்டுச் சவாரிகளையும் (இருண்ட அறைகள் வழியே வண்டி போகும் சவாரிகள்) உள்ளே பெரிதும் புதிதாகவே கட்டினார்கள். முதல் நாளில் ஸ்னோ ஒயிட் சவாரிக்குள் ஸ்னோ ஒயிட்டே கிடையாது. ஏறி உட்காருபவரே ஸ்னோ ஒயிட், சூனியக்காரி துரத்துவது உங்களைத்தான் என்பது அன்றைய எண்ணம். வந்தவர்களுக்கு அது புரியவில்லை, எங்கே அந்தப் பெண் என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். 1983-இல் அவளை உள்ளே வைத்தார்கள். அப்போதே இன்னொன்றும் செய்தார்கள்: சூனியக்காரி நீட்டும் ஆப்பிளைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகமாக இருந்ததால், பழத்தைக் கண்ணாடியில் விழும் பிம்பமாக மாற்றிவிட்டார்கள். 2021-இல் அந்தச் சவாரி பெயரும் மாறி, பயம் குறைந்து, இதமான முடிவோடு ஓடுகிறது. மிஸ்டர் டோட் சவாரி ஃப்ளோரிடாவிலும் 1971 முதல் இருந்தது. அங்கே 1998-இல் மூடிவிட்டார்கள். இப்போது அனஹைமில் மட்டும்தான். பீட்டர் பானில் கப்பல் வடிவ வண்டி மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும். கீழே இரவு நேர லண்டன். மற்ற சவாரிகளில் தரையில் ஓடும் வண்டி, இதில் காலுக்குக் கீழே வெறும் காற்று. இருபது நிமிடம் நின்றாலும் இதற்கு நிற்கலாம். துரதிர்ஷ்டவசமாக இருபது நிமிடத்தில் கிடைக்காது. சின்ன வண்டி, இரண்டு மூன்று பேர், குறுகிய பாதை: மணிக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு 1955-இல் போட்ட கணக்கின் வாரிசு அது. காலையில் கதவு திறந்ததும் முதலில் அங்கே போங்கள்.

ஆட்கள் உள்ளே உட்கார்ந்து சுற்றும் தேநீர்க் கோப்பைகள் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெரிய தட்டு, அதன்மேல் மூன்று தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஆறு கோப்பைகள், ஆக 18. 1983-இல் இடம் மாறியது, அமைப்பு அதேதான். சாப்பிட்ட உடனே ஏறாதீர்கள்.

ஜங்கிள் க்ரூஸ் படகுகளைப் பொறுத்தவரை, இடமும் பெயரும் பாதையின் பெரும்பகுதியும் அன்றையவை. அனுபவம் அன்றையது அல்ல. உயிருள்ள விலங்குகளை விடவேண்டும் என்பது வால்ட்டின் முதல் ஆசை. பகலில் அவை தூங்கும், இல்லையென்றால் ஒளிந்துகொள்ளும் என்று சொல்லித் தடுத்ததால் இயந்திர விலங்குகள் வந்தன. முதல் ஆண்டுகளில் படகோட்டி ஏதோ ஆவணப்படத்துக்குக் குரல் கொடுப்பவரைப் போல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பேசினார். இன்று அந்தச் சவாரிக்குப் பேர் வாங்கித் தரும் கடி ஜோக்குகளெல்லாம் பின்னால் சேர்ந்தவை. யானைகள் குளிக்கும் குளம் 1962-இல் வந்தது. பழங்குடியினரைக் கேலியாகக் காட்டிய பகுதிகளை 2021-இல் நீக்கினார்கள்; நல்ல வேலை. உண்மையிலேயே 1955-ஐச் சேர்ந்தவை மரங்கள். கையில் காசில்லாத நிலையில், தோப்பிலிருந்து பிடுங்கிய மரங்களைத் தலைகீழாக நட்டு, வேர்களைக் கிளைபோலக் காட்டினார் தோட்டக்காரர் பில் எவன்ஸ். அன்று குச்சி குச்சியாக நின்ற காடு இன்று வானத்தை மறைக்கிறது. அதாவது முதல் நாளைவிட இன்று சிறப்பாக இருக்கும் ஒரே சவாரி என்று இதைச் சொல்வேன்.

ஆட்டோபியா என்ற குட்டிக் கார் சாலைக்குத்தான் என் பட்டியலில் கடைசி இடம். பெயர் முதல் நாளுக்குரியது. இன்றைய பாதை 2000-இல் இரண்டு பாதைகளை இணைத்துப் போட்டது. கார்களை வடிவமைத்த பாப் கர் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். நடுவில் வழிகாட்டித் தண்டவாளம் அன்று கிடையாது. பிள்ளைகள் ஒருவரையொருவர் மோதித் தள்ளினார்கள். ஒரு வாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே கார்கள் மிஞ்சின, அவரே சொந்தக் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து பழுதுபார்த்தார். இதைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், நம்பலாம். பெட்ரோல் எஞ்சினை விட்டு மின்சாரத்துக்கு மாறப்போவதாக 2024-இல் நிர்வாகம் அறிவித்தது. அது நடந்து முடிந்தால் அன்றைய பெட்ரோல் நெடியும் மிஞ்சாது.

போனவற்றில் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஒன்று, ஸ்பேஸ் ஸ்டேஷன் எக்ஸ்-1. வட்ட அறைக்குள் நின்று, விண்ணிலிருந்து பார்த்தால் அமெரிக்கா எப்படித் தெரியும் என்று கீழே தீட்டிய ஓவியத்தைப் பார்ப்பது, அவ்வளவுதான். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தது 1957-இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய கற்பனை இது. 1960-இல் மூடிவிட்டார்கள். இன்னொன்று, சர்க்காராமா. பார்ப்பவரைச் சுற்றி 11 திரைகள், 11 புரொஜெக்டர்கள். ஏன் ஒற்றைப்படை? வட்டத்தில் ஒற்றைப்படைத் திரைகளை வைத்தால் ஒவ்வொரு திரைக்கும் நேர் எதிரே ஓர் இடுக்கு வரும். அந்த இடுக்கில் புரொஜெக்டரை ஒளித்துவைக்கலாம். இரட்டைப்படை என்றால் திரைக்கு எதிரே திரைதான். இதைப் படித்த அன்று காகிதத்தில் வட்டம் போட்டு எண்ணிப் பார்த்தேன். குதிரை வண்டிகளில் ஸ்டேஜ்கோச் 1959-இல் நின்றது. மிரண்ட குதிரைகளையும் கவிழ்ந்த வண்டிகளையும் எவ்வளவு காலம்தான் சமாளிப்பது? உலகக் கால்வாய்ப் படகுகள் என்று பெரிய பெயர் வைத்த சவாரியில் பார்க்க மண்மேட்டைத் தவிர ஒன்றுமில்லை. சில வாரங்களில் மூடி, அடுத்த ஆண்டு கரையில் குட்டி வீடுகள் வைத்து ஸ்டோரிபுக் லேண்ட் என்று திறந்தார்கள்; அது இன்றும் ஓடுகிறது.

ஆகவே கணக்கு இப்படி வரும். ரயில், பிரதான வீதியின் குதிரை டிராம், ஆறு சின்னத் திரைகள் கொண்ட சினிமா அறை, ஜங்கிள் க்ரூஸ், மார்க் ட்வைன், குடைராட்டினம், தேநீர்க் கோப்பைகள், பீட்டர் பான், டோட், ஸ்னோ ஒயிட், ஆட்டோபியா: பதினொன்று. கேஸி ஜூனியர், டம்போ, ஸ்டோரிபுக் படகுகள் ஆகியவற்றையும் தாராள மனதோடு சேர்ப்பவர்களுக்குப் பதினான்கு. எனக்குப் பதினொன்றே சரி. மகளிடம் பொய்யில்லாமல் சொல்லவேண்டுமென்றால் அதையும் மூன்றாகக் குறைப்பேன்: 1 அல்லது 2 எண்ணிட்ட எஞ்சின் இழுக்கும் ரயில், மார்க் ட்வைன், குடைராட்டினம். இந்த மூன்றில்தான் 1955-இல் வந்தவர்கள் பார்த்த அதே பொருளை நீங்களும் பார்க்கிறீர்கள். குடைராட்டினத்தில் வரிசை நகரும்போது குதிரைகளின் கால்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் செதுக்கிய பழைய குதிரைகளின் கால்களை அறுத்து, மடக்கி ஒட்டி, பாயும் குதிரைகளாக்கினார்கள் என்பது ஆரோ பட்டறையின் கதை. பல அடுக்கு வெள்ளைப் பெயின்ட்டுக்கு மேல் எனக்கு ஒட்டு எதுவும் தெரியவில்லை. ஒன்பது வயதுக் கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியலாம்.